பிசாசு கொடுத்த அரிவாள்

ஜெப வீடு, காரவள்ளி அடிவாரம்
6.4.2024

அன்புள்ள அருளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் சுகம். நீயும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கிழிக்காமல் படி.

குடியை விட்டு வருகிற ஆடியோடு மூன்று வருடம். ஒரு சொட்டுத் தொடவில்லை. லாரியையும் விட்டுவிட்டேன், இப்போது சபை வேன் ஓட்டுகிறேன். இந்த வருடம் மிளகு எப்படி? ஊட்டுக்குப் பின்னால் நிற்கிற பலா காய்த்திருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். மே 17 முதல் மூன்று நாள் செம்மேட்டுப் பக்கம் கன்வென்ஷன் கூட்டம் போடுகிறோம். இரண்டாம் நாள் என் சாட்சி. முன்னால் எப்படி இருந்தேன், கர்த்தர் எப்படி மாற்றினார் என்று சபை முன்னால் எழுந்து சொல்ல வேண்டும், எங்களில் அதுதான் முறை. ஏழு நிமிடம் கொடுப்பார்கள். இதுவரை நாற்பது ஊரில் சொல்லிவிட்டேன். பெண்கள் அழுகிறார்கள். பதினோரு பேர் குடியை விட்டிருக்கிறார்கள், பொய் இல்லை.

பாஸ்டர் ஐயா சொல்கிறார், "உங்க சம்சாரம் மட்டும் பக்கத்துல நின்னுட்டா, அதுக்கு மேல ஒண்ணுமே வேண்டாம்ங்க" என்று. நீ எதுவும் பேச வேண்டாம், அருளு. கையைத் தூக்கிக் காட்டினால் போதும்.

பலா பழுத்தால் வருகிற ஜனங்களுக்கு நாலு பழம் கொடுத்துவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தமிழ்செல்வன்


திண்ணனூர் நாடு
14.4.2024

தமிழ்செல்வன் அவர்களுக்கு,

வணக்கம். கிழிக்கவில்லை. இரண்டு தரம் படித்தேன். ஸ்தோத்திரத்தை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சாட்சியை நான் கேட்டாயிற்று. மாசியில் மிளகு பறிக்கும்போது பக்கத்து ஊட்டுச் சுகுணா போனில் போட்டாள். அவள் உங்கள் ஜெபத்துக்குப் போகிறவள்தான். ஆனால் அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் அவள்தான். பாதியிலேயே அவளுக்கு முகம் செத்துப்போய், "வேண்டாம் அருளு, நிறுத்தீறேன்" என்றாள். நான்தான் கடைசிவரை கேட்டேன்.

"பிசாசு என் கையில் அரிவாளைக் கொடுத்தான்" என்கிறீர்கள். எந்தப் பிசாசு? அரிவாள் கதவுக்குப் பின்னால் இருந்தது. மரவள்ளிக் குச்சி நறுக்க நான் தீட்டி வைத்தது. மூன்று எட்டு நடந்துபோய் எடுத்தவர் நீங்கள். சோற்றில் உப்பு இல்லை என்று எடுத்தீர்கள். தலைக்கு ஓங்கியதைக் கையால் தடுத்தேன். விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தீர்கள். செருப்புக் காலால், நாலு தரம். ஐந்து மாதம் சுமந்தது அன்றைக்கே போய்விட்டது.

அந்தப் பிள்ளையை உங்கள் சாட்சியில் தேடினேன். ஏழு நிமிடத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை போல. அதற்குப் பதிலாக, "என் மனைவி சாமி இல்லை என்பவள், விளக்கு எரியாத ஊடு, அதனால்தான் சமாதானம் இல்லை" என்கிறீர்கள். வாய் கூசவில்லையா? நீங்கள் குடியை விட வேண்டும் என்று அறப்பளீஸ்வரருக்கு வேண்டினேன். எட்டுக்கை அம்மனுக்கு மூன்று வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டேன். நாலாவது உதை விழும்வரை தாயே தாயே என்றுதான் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லாச் சாமியையும் ஒரே நாளில் அனுப்பி வைத்தேன். உங்களவர் அதற்குப் பிறகு வந்தவர். அவருக்கு மட்டும் நான் ஏன் கதவைத் திறக்க வேண்டும்?

அவர் உங்களை மன்னித்துவிட்டாராம். வெட்டுப்பட்டது அவர் கை இல்லை.

மேடைக்கு வர மாட்டேன். பலாப்பழமும் தர மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அருள்மொழி


காரவள்ளி
22.4.2024

அருளுக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன்.

பிள்ளை விஷயத்தை முதல் இரண்டு ஊரில் சொன்னேன். பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். "அத விட்டுருங்க தம்பி, ஜனங்க தாங்க மாட்டாங்க" என்றார் ஐயா. விட்டுவிட்டேன். விட்டதும் எனக்கும் லேசாக இருந்தது, மறைக்கவில்லை.

வெட்டுப்பட்டது அவர் கை இல்லை என்கிறாய். அவர் கையிலும் ஆணி அடித்தார்கள். அடித்தவர்களையே மன்னித்தார். அந்த மனசு உனக்கு ஏன் வரவில்லை? நான் மாறியதை ஊரே பார்க்கிறது. நீ ஒருத்திதான் பழைய ஆளையே பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாய். உன் வாய் அன்றைக்கும் இப்படித்தான். அன்றைக்கு நீ வாயை அடக்கியிருந்தால்

மேலே உள்ள வரியைப் பொருட்படுத்தாதே. பேனா தானாக எழுதிவிட்டது.

நோட்டீஸில் உன் பேரைப் போட்டாகிவிட்டது. இனி மாற்ற முடியாது. 28ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் ஐந்தாறு பேர் மேலே வாரோம். நேரில் பேசினால் உனக்குப் புரியும். கதவைச் சாத்தாதே.

தமிழ்செல்வன்


திண்ணனூர் நாடு
3.5.2024

தமிழ்செல்வன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதி வைக்கிறேன். உங்கள் வாயில் போனால் அது வேறு கதையாகிவிடும்.

மத்தியானம் ஆறு பேர் வந்தீர்கள். வாசலில் நின்று கைதட்டிப் பாடினீர்கள். நான் மரவள்ளி நறுக்கிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, பாட்டு முடிஞ்சுதுன்னா கெளம்புங்க" என்றேன். பாஸ்டர், "ஒரே ஒரு ஜெபம்ங்க சிஸ்டர்" என்றார். அதற்குள் நீங்கள் கேட்காமல் உள்ளே வந்து என் இடது கையைப் பிடித்துத் தூக்கினீர்கள். மடங்காத இரண்டு விரலையும் விரித்து, "இந்தக் கையப் பாருங்க" என்றீர்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். அது அதே குரல். பிடியும் அதே பிடி. எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. அதையும் அவர் படம் பிடித்தாரா என்று தெரியவில்லை.

வலது கையில் அரிவாள் இருந்தது. ஓங்கினேன். போன்காரர் வரப்பைத் தாண்டி ஓடினார், பின்னாலேயே பாஸ்டர். சுகுணா ஓடிவந்து, "வேண்டாம் அருளு, வேண்டாம் சாமி" என்று அலறினாள். நீங்கள் மட்டும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கையைக் கதவு நிலையில் வைத்தீர்கள்.

வெட்ட ஆசையாக இருந்தது. மணிக்கட்டில் எந்த இடம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். பிறகு ஒரு சாண் தள்ளி நிலையில் போட்டேன். கட்டை பிளந்து சில்லு உங்கள் கன்னத்தைக் கிழித்தது. அந்த ரத்தம் என் நிலைப்படியில் இன்னும் போகவில்லை.

ஒன்று தெரிந்துகொண்டேன். ஓங்கும்போது எந்தப் பிசாசும் வந்து கையில் கொடுக்கவில்லை. தள்ளிப் போடும்போது எந்தச் சாமியும் வந்து கையைப் பிடிக்கவில்லை. ஓங்கியதும் நான், விலக்கியதும் நான். அன்றைக்கு உங்களாலும் விலக்கியிருக்க முடியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேனா தானாக எழுதிவிட்டதாம். அரிவாளும் தானாக வந்துவிட்டதாம். நீங்கள் எப்போதுதான் எதையாவது செய்திருக்கிறீர்கள்?

ஆணி அடித்தவர்களை அவர் மன்னித்தார் என்கிறீர்கள். அடித்தவர்கள் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, கையைத் தூக்கிக் காட்டு என்றார்களா?

சொல்வதென்றால், நான் எடுத்தேன், நான் வெட்டினேன், நான் உதைத்துப் பிள்ளையைக் கொன்றேன் என்று சொல்லுங்கள். சபையில் சொல்லிவிட்டு ஸ்டேஷனிலும் போய்ச் சொல்லுங்கள். முடியாதென்றால் என் பேரை எந்த மேடையிலும் எடுக்காதீர்கள்.

அருள்மொழி


காரவள்ளி
23.5.2024

அருள்மொழிக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

18ஆம் தேதி மேடை ஏறினேன். பிசாசை விட்டுவிட்டேன். விளக்கு எரியாத ஊடு என்பதையும் விட்டுவிட்டேன். நான் எடுத்தேன் என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. நாற்பது ஊரில் சொன்ன வாய் அது. பிள்ளை விஷயத்துக்கு வந்ததும் ஐயா மைக்கை அணைக்கச் சொன்னார். மைக் இல்லாமலே சொன்னேன், நாலு உதையையும்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மேடை ஏறி வந்தார். "எம் புள்ளயயும் ஒருத்தன் இப்படித்தான்டா கொன்னான்" என்று மரப் பெஞ்சின் காலைப் பிடுங்கி முகத்தில் அடித்தார். அப்புறம் நாலைந்து பேர். இரண்டு பல் போயிற்று, விலா எலும்பு முறிந்தது. நான் தடுக்கவில்லை. ஐயாதான் என் மேல் விழுந்து தடுத்தார். அவருக்கும் மண்டையில் ஐந்து தையல். அவரை ஒரேயடியாகத் திட்டாதே.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "யோவ், மரவள்ளி நறுக்கறப்ப வழுக்கி விழுந்துட்டேன்னுல்ல அந்தம்மா சொல்லியிருக்கு" என்றார். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன அந்தப் பொய்யையும் நான் ஒரு ஊரிலும் சொன்னதில்லை. உன்னிடம் ஆள் வரும். உனக்கு எது சரியோ அதைச் சொல்.

நான் இன்னும் ஜெபிக்கிறேன். அதை விட முடியவில்லை. உனக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன், நீ கேட்கவில்லையே.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுதாவிட்டாலும் சரி. பிள்ளையை எங்கே வைத்தீர்கள்?

தமிழ்செல்வன்


திண்ணனூர் நாடு
10.6.2024

தமிழ்செல்வன் அவர்களுக்கு,

ஸ்டேஷனில் இருந்து வந்தார்கள். அன்றைக்கு டாக்டரிடம் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேஸ் நடக்கும். உள்ளே போவீர்கள் என்று வந்த போலீஸ் அம்மா சொன்னார். நான் மன்னிக்கவில்லை. இரண்டு பல் போயிற்று என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இல்லை.

கேட்டதற்குச் சொல்கிறேன். ஊட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில். நான் கட்டிலில் கிடந்தேன், சுகுணாதான் துணியில் சுற்றிக் கொண்டுவந்து புதைத்தாள். ஏதோ ஜெபமும் சொன்னாளாம். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை, அவள் யாரையும் கூட்டி வைத்துச் சொல்லவில்லை. அந்த மரத்துப் பழத்தை நான் தின்பதில்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை. பழுத்து விழுந்தால் குரங்கு தின்னும்.

மேலே வராதீர்கள். கோர்ட்டில் பார்க்கலாம். அங்கே சொல்லும்போது பிள்ளை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பெண் பிள்ளை. நர்ஸ் சொன்னார். உங்களிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

அருள்மொழி