குப்புற வைக்க வேண்டிய கடிகாரம்

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலை 10.52க்கு போனில் ஒரு செய்தி வந்தது. நான் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை முழுக்க கிரீஸ். "உங்க வாட்ச்சுக்கு முறை வந்துடுச்சு" என்று போட்டிருந்தது.

உங்களிடம் சொன்னதில்லை. வாலுவுக்கு உடம்பு நன்றாக இருந்தபோது நாங்கள் சேர்ந்து அவளுக்காகப் பதிவு செய்தது. பெரிய கம்பெனி இல்லை. ஒருத்தர், அவர் மனைவி, ஒரு சின்னப் பட்டறை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வார்கள், காத்திருக்க வேண்டும். விலை நம் கைக்கு எட்டும். பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்கணும். கை ஆடினாலே ஓடுகிற மாடல் வாங்கலாம் என்றேன். "போய்யா, உனக்கு எல்லாமே லிஃப்ட் மாதிரி தானா ஓடணும். காலைல எழுந்து நான் திருகிக்கிறேன்" என்றாள் உங்கள் மகள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அந்தப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். கட்டுகிற கைக்கும் கழற்றி வைக்கிற விதத்துக்கும் தகுந்தபடி ஓட்டம் கொஞ்சம் மாறுமாம், அதற்கேற்பச் சரிசெய்துதான் அனுப்புவாராம். "எந்தக் கைல கட்டுவாங்க சார்? ராத்திரி கழட்டினா எப்படி வைப்பாங்க?"

தொழில் விஷயமாக யார் கேட்டாலும் என் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். இடதுகைக்காரி, வலது கையில் கட்டுவாள் என்றேன். ராத்திரி குப்புறத்தான் வைப்பாள், இல்லாவிட்டால் மணி பார்த்துக்கொண்டே தூங்காமல் கிடப்பாள் என்றேன். "பரவால்லயே! எங்க வீட்டம்மா எப்படி வைப்பாங்கன்னு எனக்கே தெரியாது சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் அத்தை. அவள் செத்துப்போய்விட்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்புறம் வேலை ஓடவில்லை. மாடி மாடியாக ஏறி இறங்கினேன். ஒழுங்காக இருக்கிற கதவுகளையே திறந்து திறந்து மூடினேன். "என்ன சார், லிஃப்டுக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்றார் வாட்ச்மேன். வீட்டிலும் இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அழுகையும் வரமாட்டேன் என்கிறது.

வாட்ச்சை எங்கே அனுப்பணும் என்றும் பட்டறைக்காரர் கேட்டிருந்தார். உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். இடதுகைப் பழக்கம் அவளுக்கு உங்களிடமிருந்து வந்ததுதானே.

அவள் துணிமணிகளை அனுப்பினபோது, "அவ சாமான் எதையும் என் கண்ணுல காட்டாதீங்க மாப்ள" என்று திருப்பிவிட்டீர்கள். இது அவள் சாமான் இல்லை அத்தை. அவள் கை இதில் படவே இல்லை.

நீங்கள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறீர்கள் என்று மாமா சொன்னார். காலையில் எழுந்து இதைத் திருகுங்கள். ராத்திரி மறக்காமல் குப்புற வையுங்கள், அப்போதுதான் நேரம் தப்பாது. வேளைக்குச் சாப்பிடுங்கள். மாமா பாவம், அவரைத் திட்டாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை

பி.கு: ஏதாவது மாற்றணும் என்றால் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொன்னார் பட்டறைக்காரர். கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போனை அணைத்து வைத்துவிட்டேன்.