உன் எண் வகுபட்டுவிட்டது, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் போன அந்த எண் பகா எண் இல்லை.

நீ போன மறுநாளே அண்ணன் உன் அறைக்கு வந்து கம்ப்யூட்டர் ஒயரில் கை வைத்தார். ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மச்சானுக்குக் கொடுக்கப் போகிறாராம். "செத்தவ மிஷினு இன்னாத்துக்கு ஓடிக்கினு கீது?" என்றார். கணக்கு பாதியில் நிற்கிறது என்றேன். "அந்த நம்பர வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" உன்னையும் இதே கேள்விதானே கேட்டுக்கொண்டிருந்தார்?

எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் போட்டோவை அந்த மேஜைமேலேயே வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றிவிட்டேன். காரியம் முடியும்வரை விளக்கு அணையக் கூடாது, அந்த இடத்தை யாரும் கலைக்கக் கூடாது. அண்ணனுக்கு ஊர் வாய்க்குப் பயம். கையை எடுத்துக்கொண்டார். சாமி அறைப் பக்கமே போகாத நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

துக்கம் கேட்க வந்தவர்கள் திரையைப் பார்த்து "இது இன்னாம்மா?" என்றார்கள். நானும் சளைக்கவில்லை. இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். எழுதினால் இலக்கங்களே கோடிக்கணக்கில் போகும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் அது வகுபடாதா என்று அக்கா தேடினாள் என்றேன். மாரிகுப்பத்துப் பெரியப்பா, "தங்கச் சுரங்கத்தயே மூடியாச்சி. இந்த ஊர்ல இனிமே தேட இன்னா கீது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பகா எண்ணுக்கு முடிவே கெடயாது பெரியப்பா. இதான் கடைசின்னு யாரு எத்தக் காட்டினாலும் அத்தவிடப் பெரிசு ஒண்ணு இருந்தே தீரும். நிரூபிச்சே வெச்சிருக்காங்க!" துக்க வீட்டில் கத்திவிட்டேன். கத்தினால் என்ன?

காரியத்தன்று காலையில் கணக்கு முடிந்தது. வகுபடும் என்று காட்டியது. எதால் என்று காட்டவில்லை. அந்தச் சோதனையே அப்படித்தான், வகுக்கும் எண்ணைக் கண்டுபிடிக்காமலே வகுபடும் என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடும். உன் விஷயத்தில் டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நீ இல்லை என்றார்கள், எதனால் என்று சொல்லவில்லை. அழுதுவிட்டேன் அக்கா.

படையல் முடிந்து விளக்கை எடுத்ததும் அண்ணன் வந்தார். "அதான் ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிப்போச்சே, குடு."

அதற்குள் நான் அடுத்த எண்ணை ஓடவிட்டிருந்தேன்.

"அக்கா கணக்கு அக்காவோட முடிஞ்சிதுண்ணா. இது என் கணக்கு. தொடுங்க பாக்கலாம்."

தொடவில்லை.

இப்போது தினமும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பெங்களூரு ரயிலுக்கு ஓடுகிறேன். இதுவும் வகுபடலாம். படட்டுமே, அடுத்தது இருக்கிறது. நான் இருக்கும்வரை தேடுவேன், இது சத்தியம். இன்னொன்றும் சத்தியம்: என்றைக்காவது கிடைத்தால் கண்டுபிடித்தது நான்தான் என்பேன். உன் பெயரைச் சேர்க்கவே மாட்டேன். வயிறெரிந்தால் எழுந்து வந்து சண்டை போடு.

உன்னை விடாத தங்கச்சி,
செல்வி