கண் கூசாத சுவர்

மேலகரம்,
தாது வருஷம் ஆவணி மாதம் 8

சிரஞ்சீவி மகன் கடற்கரைக்கு, மேலகரத்திலிருந்து உன் அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், குற்றாலத்துச் சாரல் ஆவணி பிறந்தும் விடவில்லை. ரங்கூனில் உன் உடம்பும் வேலையும் எப்படி என்று நாலு வரியாவது எழுது.

அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் வலது கண்ணில் புரை எடுத்ததை முன்பே எழுதியிருந்தேன். பார்வை நன்றாக வந்துவிட்டது, கனமான கண்ணாடியும் கொடுத்தார்கள். ஆறு வருஷமாக மங்கலையே பார்த்தவளுக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று, அவள் திரும்புமுன் வெள்ளையடிக்கிற சுடலையாண்டியை வைத்து, அடுப்படி தவிர எல்லாச் சுவரிலும் நீலம் கலந்த சுண்ணாம்பை மூன்று தடவை அடித்து வைத்தேன். பால் மாதிரி வெள்ளை. வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள், கண்ணாடியைக் கழற்றினாள், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கேட்டால், "சொவரெல்லாம் ஊசியா குத்துது, இந்தக் கண்ணு எனக்கு வேண்டாம்" என்று அழுகிறாள். பன்னிரண்டு நாள் அந்தப் புகை படிந்த அடுப்படியே கதி, படுக்கையும் அங்கேதான். பழையபடி தடவித் தடவி நடந்தாள். நான் ஆசையாகச் செய்ததே அவளை அங்கே தள்ளிவிட்டது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிதம் தாமதமானதும் அதனால்தான்.

கறுத்த சுவருக்கு நடுவில்தான் அவளுக்கு நிம்மதி என்பது பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. மறுபடி சுடலையாண்டியை வரவழைத்தேன். சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து அடித்தான், வெயில் பட்டால் அதுவும் கூசியது. செங்காவி கூட்டினான், கோயில் மதில் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள், "அண்ணாச்சி, வீட்டுக்குள்ள சாமி வைக்கப் போறியளா" என்று கேட்டாள். கடைசியில் சுடலையாண்டிதான் சொன்னான், "நாம நின்னு பாத்து என்ன அண்ணாச்சி, பாக்க வேண்டியது மதினியில்லா." எனக்கு வெட்கமாகப் போயிற்று. நடுவீட்டுச் சுவரில் காவியைக் கூட்டியும் குறைத்தும் ஆறு பட்டை அடித்தோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம், இந்தச் சாரலில் காய மூன்று நாள் ஆயிற்று. அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். ரொம்ப நேரம் யோசித்துத்தான் கண்ணாடியைப் போட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் நாலாவது பட்டையில் நின்றாள். அரைத்த சந்தனம் சற்று உலர்ந்தால் ஒரு நிறம் வருமே, அது. "இதுல கண்ணு நிக்குது, கூசல" என்றாள். வீடு முழுக்க அதையே அடித்தாயிற்று.

நேற்றுக் காலை நடுவீட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், எதிரே நான் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். முறத்தின் சத்தம் நின்றது. நிமிர்ந்தால் என்னையே பார்க்கிறாள். "இப்படி நரைச்சுப் போயிட்டியளே, ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மகனே, ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக்கூடாது என்று அவள் என்னைத் தடுத்து வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் நீ புறப்பட்டபோது உன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. உன் குரல் வந்த பக்கம் பார்த்துத்தான் கையசைத்தாள். தை மாதம் எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வா.

மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு, லீவுக்கு இன்றே எழுதிக்கொடு. சகல நன்மையும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லச்சாமி