குறையற்ற நாற்பத்திரண்டு படங்கள்

ஜூன் 3, செவ்வாய்

நீண்ட யோசனைக்குப் பின் இன்று காலை பத்தேகால் மணிக்கு, கும்மிடிப்பூண்டி பஜாரில், ஒரு முடிவு எட்டப்பட்டது: இனி யாரைப் படமெடுத்தாலும் "சிரிங்க" என்று சொல்வதில்லை. உடனிருந்தவர்கள் டீக்கடைக்காரரும் ஒரு நாயும். இருவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. என் பதினாறு வருடத் தொழிலில் இவ்வளவு ஒருமனதாக எதுவும் நிறைவேறியதில்லை.

ஜூன் 5, வியாழன்

யாரும் கேட்காமல் நானாக எடுத்துவரும் வரிசை: ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்களின் முகங்கள். ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் மாலை ரயிலை விட்டு இறங்குகிறவர்களை, இறங்கிய கோலத்திலேயே. கரி, வியர்வை, தூக்கம் எல்லாம் இருக்க வேண்டும். அப்படியே வாருங்கள் என்று போன வாரமே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் கம்பெனிக் குழாயில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாற்றி, பவுடர் பூசியிருந்தார்கள். உருக்காலையில் ஒப்பந்த ஆளாக இருக்கும் சுப்பராயனுக்குப் பூச்சு போதவில்லை என்று அவர் மனைவி கன்னியம்மா டப்பாவோடு பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா விக்டோரியாம்மா, கரி மூஞ்ச எடுத்து யாருக்குக் காட்டப்போற? ஊட்ல நான் ஒருத்தி பாக்கறது பத்தாதா?"

"உடுமே, கண்ணுல போவுது" என்றார் சுப்பராயன்.

படத்தில் அவர் மாவு மில்லில் வேலை செய்பவரைப் போலிருக்கிறார்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அதே உலையில் பதினோரு வருடம். இரண்டு வருடத்தில் நானூற்றெண்பது நாள் ஆனால் நிரந்தரம் கேட்கலாமாம். "அது நெருங்கும்போது, ஒரு மாசம் ஊட்ல இருன்னுவாங்க. அப்பால காண்ட்ராக்டு வேற பேர்ல வரும். மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும்." இதுவரை ஐந்து முறை. இன்றோடு நானூற்றிருபது. விரலால் எண்ணுகிறார்.

ஜூலை 8, செவ்வாய்

அதே உருக்காலையிலிருந்து அழைப்பு. எச்.ஆர். மேலாளர் சந்திரமோகன். வெளிநாட்டு வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருகிறார். "நம்ம ஃபேக்டரியோட மனித முகம் தெரியணும் மேடம்." நாற்பத்திரண்டு தொழிலாளர்கள், ஆளுக்கு ஒரு போர்ட்ரெய்ட். நன்றாக வந்தால் அடுத்த வருடக் காலண்டர் வேலையும் எனக்கே. அதாவது, வருடம் முழுக்கக் கல்யாண மண்டபங்களில் ட்ரோன்காரனோடு சண்டை போட வேண்டியதில்லை.

ஜூலை 10, வியாழன்

மனித முகம் தெரியவில்லை.

பாதுகாப்பு அதிகாரி தணிகைவேல் விதிப் புத்தகத்தோடு நின்றிருந்தார். கேட்டுக்குள் வந்துவிட்டால் ஹெல்மெட், கண்ணாடி, மாஸ்க் மூன்றும் கட்டாயம். படத்துக்கும்.

"முகம்தான் சார் படமே" என்றேன்.

"முகம் இருக்கே மேடம். உள்ள இருக்கு."

சந்திரமோகனிடம் முறையிட்டேன். அவர் இருவர் சொல்வதும் சரி என்றார். மேலாண்மைப் படிப்பில் இதற்குத் தனிப் பாடம் இருக்க வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. பழையவை எல்லாம் கறுத்துப்போயிருந்ததால் புதிதாக ஒரே ஒரு செட் வாங்கியிருந்தார்கள். ஒருவர் கழற்ற அடுத்தவர் மாட்ட, அதே சாம்பல் சுவர், அதே ஹெல்மெட், அதே கண்ணாடி, நாற்பத்திரண்டு முறை. முதலில் நின்றவர் சுப்பராயன். ஏழாவது ஆளில் எனக்கு விளங்கியது, முதல் படத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று. ஒருவர் மாஸ்க்குக்குள் இருந்து கேட்டார்: "சிரிக்கட்டா மேடம்?"

ஆகஸ்ட் 2, சனி

சுப்பராயனை நேற்றிலிருந்து வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நானூற்று அறுபத்தெட்டு.

ஆகஸ்ட் 6, புதன்

சட்டம் போட்ட படங்களைக் கொடுக்கப் போனேன். கேட்டில் ஒன்றாம் தேதியிலிருந்து புது இயந்திரம்: முகம் பார்த்து வருகை பதிவது. தனியாகப் படமெடுக்கச் செலவு எதற்கென்று என் நாற்பத்திரண்டையும் அதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

எனக்கு முன்னால் வரிசையில் பதினைந்து பேர், ஹெல்மெட், கண்ணாடி, மாஸ்க்கோடு. இயந்திரம் ஒவ்வொருவரையும் வரவேற்றது: "வணக்கம், சுப்பராயன்." எனக்கும் விருந்தினர் ஹெல்மெட்டும் மாஸ்க்கும் தந்தார்கள். "வணக்கம், சுப்பராயன்."

செக்யூரிட்டியிடம் சொன்னேன். "டெய்லி இப்டித்தாம்மா சொல்லிக்கினு கீது. கதவு தொறக்குதுல்ல?"

எல்லோருடைய சம்பளமும் சூப்பர்வைசரின் நோட்டுப்படி போகிறதாம். நோட்டு உண்மைக்கு. இயந்திரம் தணிக்கைக்கு.

ஆகஸ்ட் 21, வியாழன்

தணிக்கை முடிந்தது. வாடிக்கையாளர் இயந்திரத்தைப் பார்த்து மகிழ்ந்தாராம்.

செப்டம்பர் 3, புதன்

இயந்திரத்தின் மாதப் பட்டியலைக் கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஒருநாள் விடாமல் வந்த ஒரே தொழிலாளி சுப்பராயன். பழைய கணக்கோடு சேர்த்து மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்று மூன்று நாள், நிரந்தரம் கேட்கத் தேவையானதைவிடப் பதின்மூன்று அதிகம். யாரோ அதைப் போனில் படமெடுத்து அனுப்ப, கன்னியம்மா அச்சிட்டு, தொழிலாளர் அலுவலகத்தில் மனுவோடு கொடுத்துவிட்டார்.

மதியம் சந்திரமோகன் கூப்பிட்டார். என் படங்கள் தரமில்லாதவை, அதனால்தான் இயந்திரம் குழம்பியது என்று நான் ஒரு கடிதம் தர வேண்டும்.

"இயந்திரம்தான் தப்புன்னு நீங்களே எழுதலாமே சார்?"

"எப்படி மேடம்? ஆடிட்ல காட்டி சர்டிபிகேட்டே வாங்கிட்டோம். உங்க போட்டோ தப்புன்னா யாருக்கும் நஷ்டம் இல்ல." அதே மூச்சில், "காலண்டர் பத்தி வெள்ளிக்கிழமை பேசிடலாம்."

யாருக்கும் நஷ்டம் இல்லையாம். நான் இன்னா, யாரும் இல்லாத ஆளா? மாஸ்க்கைப் போடச் சொன்னவன் நல்லவன், மெஷினை வாங்கினவன் நல்லவன், பட்டனை அமுக்கினவள்தான் அகப்பட்டாள். சே.

ஆனால் ஒரு வருட வேலை.

செப்டம்பர் 4, வியாழன்

சுப்பராயனும் கன்னியம்மாவும் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களையும் கம்பெனி கூப்பிட்டு, என்னிடமிருந்து கடிதம் வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறது. கன்னியம்மா நாற்காலியில் உட்காரவில்லை.

சுப்பராயன்தான் தயங்கினார். "ஆனா மேடம், ஆகஸ்டு மாசம் நான் போவவே இல்லியே. அது பொய்தானே?"

"நல்லா பேசற" என்றார் கன்னியம்மா. "பதினோரு வருஷம் வெந்துகினு வந்தியே, அத எழுதினாங்களா? செஞ்சத எழுதல. செய்யாதத எழுதிகினாங்க. ரெண்டும் அவங்க கையால எழுதினதுதான். உனுக்கு எதுக்கு பேஜாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கேமராப் பையைப் பார்த்தேன். எழுந்து போய் டீ போட்டேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். இருவரும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

கடிதம் அனுப்பினேன். தொழிலாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல்.

"ஐயா, தாங்கள் கேட்டபடி நாற்பத்திரண்டு படங்களையும் மீண்டும் பரிசோதித்தேன். ஒன்றிலும் குறை இல்லை. ஒளி சீராக உள்ளது. ஹெல்மெட் பட்டையின் தையல் வரை துல்லியமாகத் தெரிகிறது. தங்கள் பாதுகாப்பு விதிகள் அனைத்தும் பின்பற்றப்பட்டுள்ளன. இப்படிக்கு, விக்டோரியா."

மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

சந்திரமோகன் போனை எடுப்பதில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

சுப்பராயனுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. திங்கள் முதல் ஷிப்ட். காலண்டர் வேலை பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறது.