திரும்பி வந்த அம்மி

இராசிபுரம்,
10-8-1961

அன்புள்ள தம்பி கண்ணுசாமிக்கு அக்காள் தெய்வநாயகி எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே யாரும் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

செவ்வாய்க்கிழமை காலையில் நம் வாசலில் ஒரு நூல் லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி வந்து, "ஏனுங்கம்மா, கொமாரபாளையத்துல இருந்து உங்க புள்ளையும் ஒரு கல்லும் கொண்டாந்திருக்கறனுங்க. எங்க எறக்கறதுங்க?" என்று கேட்டான். எட்டிப் பார்த்தால், நூல் மூட்டைகளுக்கு நடுவே என் மகள் சாரதாமணி உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய அம்மி. அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக நீ ஹோஸ்பேட்டிலிருந்து அனுப்பினாயே, அதே அம்மி. குழவியைக்கூட மறக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் அவள் மாமியார் சுப்பம்மாள் சமையற்கட்டை மெழுகுவதற்காக அம்மியைப் புரட்டியிருக்கிறாள். அடிப்பக்கத்தில் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள், கொலுசோடு இடுப்பு வரைக்கும் செதுக்கியிருந்ததாம். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. இது அழிந்துபோன ராஜதானியின் கல், ஏதோ ஓர் அம்மனின் பாதம், அதன்மேல் மணப்பெண் கால் வைத்து மெட்டி போட்டுக்கொண்டாள், அதனால்தான் இரண்டு தடவை உண்டாகியும் பிள்ளை தங்கவில்லை என்று பேசி முடித்துவிட்டார்கள். கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துத் தோஷம் கழித்துவிட்டு வந்தால் பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று லாரிக்காரனிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள் அந்த மகராசி.

தம்பி, உன்னை ஒன்று கேட்கிறேன். நம் சீமையில் கல்லுக்குப் பஞ்சமா? இங்கிருந்து நாமக்கல் போகிற வழியெல்லாம் பாறைதான். நாமக்கல்லில் ஊருக்கு நடுவிலேயே ஒரு மலை உட்கார்ந்திருக்கிறது. சந்தைக்குச் சந்தை அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தி விற்கிறார்கள். அவ்வளவும் இருக்க, அணைக்கட்டில் ஃபிட்டர் வேலை பார்க்கப் போனவன், இடிந்த பட்டணத்தில் கிடந்த கல்லை வாங்கி, இருக்கிற ஒரே அக்காள் மகளுக்கு அனுப்பலாமா? அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க உனக்குக் கை இல்லையா? "கல்லு கருகருன்னு நல்லா இருந்துச்சுக்கா" என்று நீ சொல்லப்போவது எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

உன் மாமா வழக்கம்போல, பொறுத்துப் போகலாம் என்கிறார். தறியில் போய் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு வீடு எரிந்தாலும் தெரியாது. சாரதா சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன கேட்டாலும், "அவரு என்ன பண்ணுவாருங்கம்மா" என்பதோடு சரி. அந்த "அவரைப்" பற்றி நான் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பெல்லாரிப் பக்கம் போகிற லாரியில் இடம் சொல்லி வைத்திருக்கிறோம். புரட்டாசி பிறந்ததும் நானும் சாரதாவும் கல்லும் வருகிறோம். யாரிடம் வாங்கினாயோ அவனைப் பிடித்து, எந்த இடத்துக் கல் என்று விசாரித்து வை. அதை அதன் இடத்தில் வைத்து, விழுந்து கும்பிட்டு, என் பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிக் கேட்கப்போகிறேன். உன்னை என்ன செய்வது என்று அதற்குப் பிறகு யோசிக்கிறேன்.

எள்ளுருண்டை பிடித்துக் கொண்டுவருகிறேன். கோபம் வேறு, அது வேறு.

உன் அக்காள்,
தெய்வநாயகி

*

இராசிபுரம்,
16-10-1961

மாப்பிள்ளை செங்கோடன் அவர்களுக்கு, மாமியார் தெய்வநாயகி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இப்படிப்பட்ட கடிதத்தை உங்கள் மாமனார்தான் எழுத வேண்டும். அவர் எழுதினால் முதல் வரியில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் நான் எழுதுகிறேன். இதை உங்கள் தாயாருக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். காட்டினால் எனக்குச் சந்தோஷம்.

உங்கள் வீட்டில் சொல்லியனுப்பியபடியே கல்லை எடுத்துக்கொண்டு ஹோஸ்பேட்டுக்குப் போனோம். லாரியில் நானும் சாரதாவும் முன்னால், கல் பின்னால். அங்கே என் தம்பி கண்ணுசாமி ஒரு மாட்டுவண்டி பிடித்து வைத்திருந்தான். மறுநாள் காலையில், அந்தக் கல் கிடந்த இடிந்த பட்டணமான ஹம்பிக்குப் புறப்பட்டோம். அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பார்க்காமலே அதைப் பற்றி உங்கள் வீட்டில் ஏகப்பட்டது பேசியிருக்கிறீர்கள்.

வழியெல்லாம் வாழையும் கரும்பும் நன்றாக விளைந்திருக்கிறது. சபிக்கப்பட்ட பூமி என்று கேள்விப்பட்டுப் போனவளுக்கு முதலில் அதுவே ஆச்சரியம். கொஞ்ச தூரம் போனதும் பயிருக்கு நடுவே பாறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ ஏற்றி வைத்ததுபோல. அப்புறம் பார்க்கிற பக்கமெல்லாம் மண்டபம், மதில், கோபுரம். கூரை இருக்கிற இடத்தில் சுவர் இல்லை, சுவர் இருக்கிற இடத்தில் கூரை இல்லை. ராஜா குடியிருந்த இடம் என்று காட்டினார்கள். தரைமேடை மட்டும் கிடக்கிறது, அதில் ஆடு மேய்கிறது. யானைகளைக் கட்டிய கொட்டாரம் மட்டும் பழுதில்லாமல் நிற்கிறது. ராணி குளிப்பதற்கென்று பெரிய மாளிகை மாதிரி ஒரு தொட்டி. சொட்டுத் தண்ணீர் இல்லை.

யுத்தத்தில் தோற்ற பிறகு எதிரிகள் மாதக்கணக்காக இங்கேயே தங்கி இடித்தார்கள் என்று கண்ணுசாமி சொன்னான். அத்தனை பெரிய பட்டணத்தை அழிக்க அவர்களுக்கு மாதக்கணக்கு ஆகியிருக்கிறது. என் பெண்ணின் குடும்பத்தை அழிக்க உங்கள் தாயாருக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. வெயிலில் நடக்க நடக்க எனக்கு இதுதான் மனதில் ஓடியது, மறைக்காமல் எழுதுகிறேன்.

கல்லை விற்ற கல்தச்சன், கோயிலுக்கு எதிரே நீளமாகப் போகிற கடைவீதியில் ஒரு மண்டபத்தைச் சொல்லியிருந்தான். முன்காலத்தில் அங்கே ரத்தினம் விற்றார்களாம். இப்போது வரிசையாக ஏழைக் குடும்பங்கள். தூணுக்குத் தூண் கோணியைக் கட்டிக் குடித்தனம் நடத்துகிறார்கள். நாங்கள் தேடிப்போன மண்டபத்தில் ஒரு பெண் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை, வாசலில் புழுதியில் இன்னும் மூன்று.

வண்டியிலிருந்து நம் கல்லை இறக்கிப் புரட்டி வைத்ததும் அவள் அரைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, தன் அம்மியை வாகாகப் பிடித்துச் சாய்த்துக் காட்டினாள். அதன் அடிப்பக்கத்தில் ஒரு பெண்ணின் இடுப்பு, மார்பு, ஒரு கை, சிரிக்கிற முகம். ஒரே தூண், மாப்பிள்ளை. அங்கே விழுந்து கிடந்த தூணைக் கல்தச்சன் அவள் கண்ணெதிரிலேயே இரண்டாக அறுத்து, இடுப்புக்கு மேலே உள்ளதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கீழே உள்ளதை என் தம்பியிடம் விற்றிருக்கிறான். அது எந்த அம்மனும் இல்லை. நிற்கிற தூண்களில் எல்லாம் பார்த்தோம், ஆடுகிற பெண்களும் குரங்குகளும்தான்.

அந்தப் பெண் சிலையின் முகமே மண்ணில் பதியக் கவிழ்த்துப் போட்டு மேலே அரைக்கிறாள். அவள் வீடு நிறையப் பிள்ளைகள். காலடி மட்டும் வந்து சேர்ந்த உங்கள் வீட்டில்தான் பிள்ளை தங்கவில்லையாம்.

எதற்காகக் கல்லைத் திருப்பிக் கொண்டுவந்தோம் என்று அவள் கேட்டாள். கண்ணுசாமி கன்னடத்தில் விவரமாகச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாரதாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டாள். கண்ணுசாமி தலை குனிந்துகொண்டான். என்ன கேட்கிறாள் என்று நான் விடாமல் கேட்டேன். "அது ஒண்ணுமில்லீங்க்கா" என்று மழுப்பினான். அதட்டிய பிறகுதான் சொன்னான். இந்தப் பெண்ணைக் கட்டியவனுக்கு வாய் பேச வராதா என்று கேட்டிருக்கிறாள்.

அவளுக்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

கல்லை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தப்புக்கு வைப்பது? மறுபடியும் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

திரும்புகிற வழியில் ஒரு நரசிம்மர் சிலை இருக்கிறது. ஒரே கல்லில் செதுக்கியது. பனைமரத்தை அண்ணாந்து பார்க்கிறதுபோலப் பார்க்க வேண்டும். கைகளையெல்லாம் உடைத்துவிட்டார்கள். மடியில் லட்சுமி இருந்தாளாம், அவளைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அவருடைய முதுகில் அவள் கை மட்டும் இன்னும் இருக்கிறது. சாரதா பின்பக்கமாகப் போய் அதைப் பார்த்தவள் வரவே இல்லை. நான் தேடிக்கொண்டு போனேன். "ஆளையே எடுத்துட்டாங்க, கை மட்டும் உடாம இருக்குது பாருங்கம்மா" என்றாள்.

அங்கேதான் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். இரண்டாவது தடவை, ஏழாம் மாதத்தில், உங்கள் சாயத்தொட்டிக்கு ஆள் வரவில்லையாம். ஈரநூலைத் தூக்கிப் பிழிந்து கொடியில் போடச் சொல்லி உங்கள் தாயார் இவளை ஏவியிருக்கிறார். காலையிலிருந்து மதியம் வரை தூக்கியிருக்கிறாள். அன்று சாயங்காலம் வலி எடுத்திருக்கிறது. "அவரு சந்தைக்குப் போயிருந்தாருங்கம்மா, அவருக்குத் தெரியாதுங்க" என்று அப்போதும் உங்களுக்காகத்தான் பேசினாள். தறிக்காரன் வீட்டில் பிறந்து தறிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஈரநூல் என்ன கனம் கனக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், உங்கள் தாயாருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அம்மியின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவருக்குச் சாயத்தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்க ஏன் தோன்றவில்லை? ஒரு சிசு செத்துப் பிறந்திருக்கிறது, மாப்பிள்ளை. அதன் பழியைப் பேசாத கல்லின்மேல் போட்டீர்கள். அது போதாது என்று பேசாத என் பெண்ணின்மேலும் போட்டீர்கள்.

லாரியில் அந்தக் கல்லைக் கயிறு போட்டுக் கட்டியது யார் என்று அன்றைக்கே லாரிக்காரனைக் கேட்டேன். நீங்கள் என்றான். சாரதாவிடம் கேட்டதற்கு, "கல்லு உருண்டு என்ற காலுமேல உழுந்துறக் கூடாதுன்னுதானுங்கம்மா அப்படி இறுக்கிக் கட்டுனாரு" என்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல் உருளாமல் கட்டத் தெரிந்தது உங்களுக்கு. லாரியை நிறுத்தி, இவள் இறங்கட்டும் என்று சொல்லத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மி என் சமையற்கட்டில் இருக்கிறது. தினமும் அதில்தான் அரைக்கிறோம், குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் தாயார் சொன்ன தோஷம் எதையும் நாங்கள் கழிக்கவில்லை, கழிக்கப்போவதும் இல்லை. பெண் வேண்டும் என்றால் நீங்கள் வாருங்கள். பெரியவர்கள் யாரையும் பேச்சுக்கு அனுப்ப வேண்டாம், தாயாரையும் கூட்டி வர வேண்டாம். கட்டி அனுப்பிய கையாலேயே அந்த அம்மியைத் தூக்கி வண்டியில் வையுங்கள். அதைக் கொண்டுபோய் உங்கள் வீட்டில், எல்லாரும் பார்க்க, பழைய இடத்திலேயே போடுங்கள். பிறகு என் பெண் உங்களோடு வருவாள். சாயத்தொட்டிப் பக்கம் மட்டும் போகமாட்டாள். இதற்கெல்லாம் முடியாதென்றால், வராதீர்கள். அவளுக்குச் சோறு போட எங்கள் தறிக்குத் தெம்பு இருக்கிறது.

எழுதி முடித்துச் சாரதாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தையையும் கயிற்றையும் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடச் சொன்னாள். ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. பிறகு, ஒரு விஷயம் மட்டும் சேர்த்து எழுதச் சொல்லிக் கெஞ்சினாள். எனக்கு எழுத இஷ்டம் இல்லை. எழுதுகிறேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உங்கள் தறிக்குழியில் தண்ணீர் ஊறுமாம். நாள் முழுக்கக் கால் ஈரத்திலேயே இருந்தால் உங்களுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடுமாம். குழிக்குள் பலகையைப் போட்டுக்கொண்டு கால் வைக்கச் சொன்னாள். பலகை பரண்மேல், பழைய சாக்குகளுக்குப் பின்னால் இருக்கிறதாம். போன வருஷம் அவள்தான் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தாளாம். வேறு யாருக்கும் இடம் தெரியாதாம்.

பலகையை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை. கோபமாக இருக்கிற மாமியார் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அம்மியைத் தூக்க வேண்டியவர் நீங்கள்.

இப்படிக்கு,
தெய்வநாயகி