அருமை என்று சொன்னவர்கள்

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் தேநீர் குடிக்கும்போதே ஃபோனில் எங்கள் பப்பைப் பற்றி இன்னொரு விமர்சனம் வந்து விழுந்தது. "கணப்பு அழகு. நாய் அழகு. ரோஸ்ட் பிரமாதம். பீர் மட்டும் ஊறிப்போன தரைத்துணி நாற்றம். இரண்டு நட்சத்திரம்." சொந்தப் பெயரைப் போடத் துப்பில்லை. நேற்று சிவப்பு மழைக்கோட்டோடு வந்த ஜோடிதான் இது, சந்தேகமே இல்லை. "எல்லாம் அருமைங்க, ரொம்ப நன்றி" என்று என் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போனார்கள். இங்கே வாயெல்லாம் தேன், வீட்டுக்குப் போனதும் விரலில் விஷம்.

என் புருஷன் மெர்வினுக்கு வாசித்துக் காட்டினேன். "டப்பா பீர் குடிச்சு வளர்ந்த பயலுக்குப் பீப்பாய் பீரைப் பத்தி என்ன தெரியும்?" என்றான். நியாயம்தான். பேக்ஹார்ஸ் பப்பை எடுத்த நாளிலிருந்து நிலவறைக்குள் அவன் ஒருத்தன்தான் இறங்குகிறான். பீப்பாயைத் திறப்பது, குழாய்களைக் கழுவுவது, எது இன்றைக்குத் தேறும் எதைக் கொட்டவேண்டும் என்று மோந்து சொல்வது, எல்லாம் அவன். அடுப்பும் ஃபோனும் என்னுடையவை. பீர் விஷயத்தில் நான் ஞானசூனியம். பப்காரனுக்கு வாழ்க்கைப்பட்டும் ஒரு வாய் குடித்ததில்லை. எனக்கு எல்லாப் பீருமே தரைத்துணி நாற்றம்தான்.

பகலில் கதவைத் திறந்ததும் ராய்ஸ்டன் வந்தார். செம்மறியாட்டுப் பண்ணைக்காரர், மெர்வினோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அன்றன்றைக்கு ஊற்றும் முதல் பைண்ட், முதல் பெரிய கிளாஸ் பீர், எப்போதும் அவருக்குத்தான். "எப்படிடா இருக்கு?" என்றான் மெர்வின். "அருமைடா" என்றார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

செப்டம்பர் 13, வெள்ளி

டாம்சின் ஃபோன் செய்தாள். பீர் கம்பெனியின் மேலாளர். கட்டடம் கம்பெனியுடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள்.

"டிசம்பரோட குத்தகை முடியுது, மிசஸ் கிட்டின்ஸ். மேலே இருக்கறவங்க இப்பல்லாம் நட்சத்திரத்தைத்தான் பாக்கறாங்க. உங்களுக்கு இறங்கிக்கிட்டே போகுது. நவம்பர்ல நானே வந்து பாக்கறேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

என்ன பண்ணுவது? மாடியில்தான் குடியிருக்கிறோம். பப் போனால் படுக்கும் கட்டிலும் போச்சு. இந்த வயதில் மெர்வினை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? லட்லோ டவுனில் ஏதாவது ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவானா? ஒரு மாதம் தாங்கமாட்டான்.

அந்தச் சிவப்புக்கோட்டுக்குப் பதில் எழுதினேன். "மூக்கை நல்ல டாக்டரிடம் காட்டவும்." எழுதியதும் மனசு ஆறியது. சாயங்காலத்துக்குள் அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்வது எனக்கென்ன புதிதா?

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

சைக்கிளில் வந்த ஒரு வாலிபன், மரியாதையான பையன், பாதி குடித்த பைண்டைத் திரும்பக் கொண்டுவந்து பீர் ஊற்றும் மேடைமேல் வைத்தான். "மன்னிச்சுக்கோங்க, இது கொஞ்சம் கெட்டுப்போன மாதிரி இருக்கு." இதில் தப்பே இல்லை. அப்படிக் கொண்டுவந்தால் பப்காரன் மோந்து பார்ப்பான், ஒரு வார்த்தை பேசாமல் வேறு ஊற்றிக் கொடுப்பான். ஊர் உலகத்து வழக்கம்.

மெர்வின் மோந்தான். ஒரு வாய் குடித்தான். "இதுக்கு என்ன குறைச்சல்?" என்றான். அந்தப் பையன் அசையவில்லை. மெர்வின் அந்த பைண்டை ராய்ஸ்டன் பக்கம் தள்ளினான். "ராய்ஸ்டன், நீ சொல்லுடா."

ராய்ஸ்டன் என்னைப் பார்த்தார், அந்தப் பையனைப் பார்த்தார். பிறகு மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அருமை" என்றார்.

"கேட்டியா? வெளியே போ. இனிமே இந்தப் படி ஏறாதே!" என்று மெர்வின் கத்தினான். நானும் "ஆமா, போங்க" என்றேன். மெர்வினுக்காக எனக்கு அவ்வளவு கோபம்.

செப்டம்பர் 23, திங்கள்

"கெட்ட பீரை ஒரு வயசானவரைக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தார்கள். என்னைத் துரத்தினார்கள். பூஜ்யம் போட வழியில்லாததால் ஒன்று." இதை இருநூறு பேருக்குமேல் 'பயனுள்ளது' என்று அழுத்தியிருக்கிறார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

கிழங்குத் தோலைக் கொட்டக் கொல்லைக் கதவைத் திறந்தேன். ராய்ஸ்டன் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, திருடன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, பைண்டை ஜெரேனியத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். செடி கருகிக் கிடக்கிறது. குளிரில் கருகியது என்றல்லவா நினைத்தேன்!

"என்ன பண்றீங்க ராய்ஸ்டன்?"

"ஒண்ணுமில்லம்மா. கிளாஸ்ல ஓட்டை."

"ராய்ஸ்டன்!"

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "குடிக்க முடியலம்மா. ஆகஸ்ட் அறுவடையிலேர்ந்தே இப்படித்தான். குழாயெல்லாம் அழுக்கு. பீப்பாயும் நாள்பட்டது. கூட்டம் குறைஞ்சதால ஒண்ணு திறந்தா வாரக்கணக்குல நிக்குது. முன்னெல்லாம் அதுக்குள்ள மோந்து கொட்டிடுவான். இப்பக் கொட்டறதில்ல."

"தினமும் அருமைன்னு சொன்னீங்களே!"

"வேற என்ன சொல்றது? நம்ம மெர்வ் ஊத்தற பீராச்சே. மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்லுவேன்? நான் மட்டுமில்ல, எல்லாரும் இங்கதான் கொட்டறோம்."

பாவிகளா. ஊரே சேர்ந்து மரியாதையாக எங்களைக் குழிக்குள் இறக்கியிருக்கிறது. வழியோடு போகிறவன் உண்மையை எழுதினான், அவனை நான் திட்டினேன்.

அக்டோபர் 9, புதன்

மெர்வினுக்கு ஏன் தெரியவில்லை? மூன்று நாளாக இதே நினைப்புத்தான். சாப்பாட்டில் உப்பை அள்ளிக் கொட்டிக்கொள்கிறான். "கம்பெனிக்காரன் கசப்புக்குப் போடற ஹாப்ஸைக் குறைச்சுட்டான், பீர் சப்புனு ஆயிடுச்சு" என்று வசந்தகாலத்திலிருந்தே புலம்புகிறான். கறி சப்பு, ஊறுகாய் சப்பு, எல்லாம் சப்பு.

வெள்ளிக்கிழமை மிஞ்சிய மீன் கழிவு ஒரு பையில் கட்டிக் கொல்லைக் குப்பையில் கிடந்தது. இன்று மத்தியானம் அந்தப் பையைத் திறந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். நாய் எழுந்து வந்து சுற்றிச் சுற்றி நின்றது. எனக்குக் குமட்டியது. அவன் குறுக்கெழுத்தில் மூழ்கியிருந்தான். "கிளென், 'அரண்'னுக்கு அஞ்சு எழுத்து என்ன?" என்றான்.

சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவனுக்கு மூக்கு இல்லை. கடவுளே, மூக்கே இல்லை.

அக்டோபர் 16, புதன்

சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

அவன் நாயோடு வெளியே போன நேரம் பார்த்து நிலவறைக்குள் இறங்கினேன். எந்தப் பீப்பாய் பழசு? எந்தக் குழாய் எங்கே போகிறது? ஒன்றும் புரியவில்லை. கையில் கிடைத்ததைத் திறந்து சாக்கடையில் விட்டேன். பாதி ஓடும்போது அவன் மேலே நின்றுகொண்டிருந்தான்.

"என் நிலவறையில உனக்கு என்ன வேலை?"

"சுத்தம் பண்ணலாம்னு..."

"நேத்துதானே அதைத் திறந்தேன்! நல்ல பீரு! உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

நல்லதைக் கொட்டிவிட்டுக் கெட்டதை விட்டுவைத்திருக்கிறேன். அதற்குத்தான் லாயக்கு நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். இந்த ஒரு அறையில்தான் அவன் ராஜா. அதையும் பிடுங்கவா? சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இனி மூன்று நாள் பேசமாட்டான் என்று நினைக்கிறேன். பேசாவிட்டால் போகட்டும்.

நவம்பர் 14, வியாழன்

நாளைக்கு டாம்சின் வருகிறாள்.

ராய்ஸ்டன் பண்ணைக்கே போனேன். "நீங்களாவது சொல்லுங்க. உங்க சிநேகிதன்தானே" என்றேன்.

"நீ பொண்டாட்டி. நீ சொல்லு."

"என்னால முடியல."

"என்னாலயும்தான் முடியலம்மா." ஆட்டுத்தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்தது. வேலிக் கதவைக்கூடச் சாத்தாமல் வந்துவிட்டேன்.

யாராவது சொல்லித் தொலையுங்களேன்!

நவம்பர் 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாம்சின் பகலில் வந்தாள். சமையலறையைப் பார்த்தாள், கழிப்பறையைப் பார்த்தாள், நாயைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மேடைக்கு எதிரே உட்கார்ந்து, "ஒரு பைண்ட் குடுங்க மிஸ்டர் கிட்டின்ஸ்" என்றாள். மெர்வின் டையெல்லாம் கட்டியிருந்தான். பீர்க் குழாயின் கைப்பிடியை இழுத்து இரண்டு பைண்ட் ஊற்றினான். ஒன்றை அவள் முன்னால் வைத்தான். இன்னொன்றை வழக்கம்போல ராய்ஸ்டனிடம் கொடுத்தான். "எப்படிடா இருக்கு?"

ராய்ஸ்டன் ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். டாம்சின் தன் கிளாஸைக் கையில் எடுத்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கெட்டுப்போச்சு, மெர்வ்" என்றார் ராய்ஸ்டன். "அதைக் குடிக்காதேம்மா, கீழே வை."

டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். மெர்வின் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான்.

"எப்போலேர்ந்து?"

"அறுவடையிலேர்ந்து."

"தினமும் கேட்டேனேடா. தினமும் உன்னைக் கேட்டேனே!"

"மனசு வரலடா..."

"எனக்கு வாசனை தெரியாதுடா!" என்றான் மெர்வின். "வசந்தத்துல வந்த காய்ச்சல்ல போனது, திரும்பி வரவே இல்ல. அதனாலதானே உன்னைக் கேட்டேன்? முதல் பைண்டை உன் கையில கொடுத்துட்டு உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேனே, எதுக்கு? உன் மூக்கை நம்பித்தானே கடை நடத்தினேன்!"

ராய்ஸ்டன் அழுதார். எழுபது வயதுக் குடியானவர், ஆடு செத்தாலும் அழாதவர். மெர்வின் என் பக்கம் திரும்பினான். "உனக்கும் தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

டாம்சின் நோட்டை மூடிவிட்டாள். "ஃபோன் பண்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் 17, ஞாயிறு

கடையை மூடியிருக்கிறோம். மெர்வின் மாடியை விட்டு இறங்கவில்லை. மத்தியானம் ஒரே ஒரு தடவை பேசினான். "நீ பயந்துடுவேன்னுதான் உன்கிட்ட சொல்லல" என்றான். "நீ உடைஞ்சுடுவேன்னுதான் நானும் சொல்லல" என்றேன். இரண்டு பேருக்கும் ரொம்பத்தான் அக்கறை. அந்த அக்கறையில்தான் வீடே போகப்போகிறது.

டிசம்பர் 2, திங்கள்

டாம்சின் பேசினாள். மெர்வின் பேரில் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்களாம். முடிவாகச் சொல்லிவிட்டாள். நான் வேண்டுமானால் என் பேரில் எழுதிக் கேட்கலாம், கோடைவரை கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

"உங்களுக்கு பீர் தெரியுமா, மிசஸ் கிட்டின்ஸ்?" என்று கேட்டாள்.

"தெரியாது. ஆனா எனக்கு மூக்கு இருக்கு" என்றேன்.

டிசம்பர் 11, புதன்

காலையில் ஒரு வாய் பீர், கடை திறக்கும் முன்னால் ஒரு வாய். வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி குடிக்கிறேன். மெர்வின் படிக்கட்டில் நின்று, "என்ன வாடை? ஈரத்துணியா? காகிதமா? அழுகின முட்டையா?" என்று கேட்கிறான். நான் இருப்பதைச் சொல்கிறேன். அவன் கொட்டு என்றால் கொட்டுகிறோம். நேற்றுக் கிட்டத்தட்ட முழுப் பீப்பாய். சண்டை, கண்ணீர், மறுபடி சண்டை. இருந்தாலும் பேசுகிறோம்.

டாக்டர் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், மார்ச் மாதம்தான் தேதி. மோப்பம் காய்ச்சலால் மட்டுமே போயிருக்கலாம், நரம்பு சம்பந்தமான வேறு ஒன்றின் ஆரம்பமாகவும் இருக்கலாம் என்றார். அது என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரி 11, சனி

பப்பின் வாசலுக்கு மேலே உரிமம் யாருடையதோ அவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவது இங்கே வழக்கம். புதுப் பலகை நேற்று வந்தது. வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றேன், மெர்வின் கேட்கவில்லை. தானே ஏணியில் ஏறித் தன் பெயரைக் கழற்றினான். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு என் பெயரை மாட்டினான். ஒரு திருகாணிக்கு வெகுநேரம் ஆயிற்று. இரண்டு தடவை கீழே விழுந்தது, பொறுக்கிக் கொடுத்தேன்.

"நேரா இருக்கா?" என்றான். "உள்ளதைச் சொல்லு."

"இல்ல. இடது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கு." நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இனிமேல் விழுங்குவதாக இல்லை. "உன் கையும் நடுங்குது, மெர்வ்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "எப்போலேர்ந்து?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாலேர்ந்து."

"சரி" என்றான். இடது பக்கத் திருகாணியை மறுபடி தளர்த்தினான். நான் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.