ஐந்தாவது சிப்

அன்பு அம்மாவுக்கு,

ஒக்கேலோவின் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலைத் திறக்கவே இல்லையா? நான் நன்றாக இருக்கிறேன். நைரோபியில் ஒரே மழை.

போன வாரம் எங்கள் ரிப்பேர் கடையில் ஒரு கூத்து. வஃபுலா வாத்தியார் முப்பது வருஷத்துப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். செத்துப்போன மகன் எழுதிய விளையாட்டு அதில்தான் ஓடுமாம். எட்டு மெமரி சிப்பில் ஒன்று போயிருந்தது. போன சிப் சுடும், விரல் வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். நான் தொட்டபோது எட்டும் ஒரே மாதிரி இருந்தன. எட்டையுமே கழற்றிவிடலாம் என்று சால்டரிங் அயர்னை எடுத்தேன். பக்கத்து மேஜை அகோத் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பழைய போர்டுடா, அத்தனை சூடு தாங்குமா?" என்றவள், உடனே கத்தினாள். "அடப்பாவி, சூடு உன் கையிலதான் இருக்கு! கொதிக்குது! தள்ளு, நான் பாக்கறேன்."

ஒவ்வொன்றாகத் தொட்டு, ஐந்தாவது என்றாள். அதன் பதினாறு கால்களையும் வெட்டி, ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாக எடுத்து, புதுசைப் பொருத்தினேன். திரையில் மகன் பெயர் வந்தது. வாத்தியார் விளையாடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.

பயப்படாதே, சாதாரணக் காய்ச்சல்தான், போய்விட்டது. காய்ந்த ஒமேனா மீன் கொஞ்சம் கொடுத்தனுப்பு. இங்கே விற்பதில் பாதி மணல்.

அன்று காலையில் என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்தேன் அம்மா. ஒன்றும் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் வந்ததும் நீ ஒருமுறை தொட்டுப் பார். காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் பார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன்
ஒக்கேலோ